பூன் லேயில் குடை, பிடோக்கில் வெயில்

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வடக்கு தெற்காக அளந்தால் 27 கிலோமீட்டர் தேறும். தென்காசியில் பஸ் ஏறித் திருநெல்வேலி போய்ச் சேரும் தூரம்கூட இல்லை. இதற்குள் மழை இத்தனை விதமாகப் பெய்ய முடியுமா என்பதுதான் இங்கே குடிவந்த புதிதில் எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

தென்காசிக்காரனுக்கு இது என்ன புதுசு என்று கேட்கலாம். ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் அடிக்கும், கிழக்கே ஆலங்குளம் பக்கம் புழுதி பறக்கும். பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் அங்கே காரணம் கண்ணெதிரே மலையாக நிற்கிறது. மேகம் கேரளத்துப் பக்கம் கொட்டிவிட்டு, கணவாய் வழியே மிச்சத்தை நம் பக்கம் அனுப்பும். எந்த வருஷம் போனாலும் குற்றாலம் நனையும், ஆலங்குளம் காயும். இங்கே மலை என்று பெயர் வாங்கியிருக்கும் புக்கிட் தீமா 164 மீட்டர்கூட இல்லை. நகரத்துக்குள் அதைவிட உயரமான கட்டடங்கள் எத்தனையோ உண்டு. அது எந்த மேகத்தைத் தடுக்கப்போகிறது? ஆகவே இங்கே எந்த இடம் என்று மட்டும் கேட்டால் மழையைப் பற்றிப் பாதிதான் தெரியும். மணி என்ன, காற்று எந்தப் பக்கமிருந்து என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எனக்கு வீடு மேற்கே ஜூரோங் வெஸ்ட்டில், வேலை கிழக்கே சாங்கி பிசினஸ் பார்க்கில். தினமும் தீவைக் குறுக்கே வெட்டிப் போய்வருகிறவன். பூன் லேயில் ரயில் ஏறினால் ரெட்ஹில் வரைக்கும் தண்டவாளம் உயரத்தில் ஓடும், ஜன்னல் முழுக்க வானம் தெரியும். தியோங் பாருவில் சுரங்கத்துக்குள் இறங்கிவிடும். மறுபடி வெளிச்சத்தைப் பார்ப்பது லாவண்டர் தாண்டி, காலாங் வருகிறபோதுதான். ஏறும்போது ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக வழியும், இறங்கினவர்கள் விட்டுப்போன ஈரம் தரையில் கிடக்கும். காலாங்கில் வெளியே வந்தால் கண்ணைக் கூசும் வெயில். அங்கே ஏறுகிறவர்கள் எங்கள் சொட்டும் குடைகளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கிழக்கே பிடோக்கில் ஏறுகிற அலுவலக நண்பர் ஒருவருக்கு இது தினசரிக் கேலி. “உங்க ஊர்ல மழையா?” என்பார். ஏதோ நான் விசா வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி.

காலை மழையின் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் அங்கிள். இங்கேயே பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “தம்பி, விடியக்காலையில அடிக்குதுன்னா அது சுமத்ரா. மேக்க இருந்து வரும். நமக்குத்தான் முதல் அடி. பிடோக்குக்காரன் பல் தேய்க்கறதுக்குள்ள நம்ம துணி நனைஞ்சிருக்கும்.” அவர் சொன்னது அப்படியே சரி. இரவில் சுமத்ரா தீவின் மேலோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் வரிசை கட்டிக்கொள்கின்றன. அந்த வரிசை அப்படியே கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியலுக்கு முன்னாலோ காலையிலோ நம்மைத் தொடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதற்கான காலம். வரும்போது மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் கூடவே வரும். மழை பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். சில நாள் தீவு முழுக்க அடித்துக்கொண்டு போகும். சில நாள் கிழக்குக்கு வந்து சேர்வதற்குள் வலு குறைந்து, வெறும் மூட்டமாகக் கலைந்துவிடும். நண்பரின் கேலி பிறப்பது அந்த நாட்களில்தான்.

சித்தப்பா மகன் மேற்குக் கோடியில் துவாஸில் கட்டுமான வேலையில் இருக்கிறான். அவனுக்கு இந்தச் சுமத்ரா வேடிக்கை கிடையாது. விடிவதற்கு முன்னாலேயே லாரி கிளம்பிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைக்கு மேலே கூரை உண்டு, பக்கவாட்டில் தார்பாயை இறக்கிக்கொள்ள வேண்டும். காற்றோடு வரும் மழை தார்பாய்க்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாக நேராக முகத்தில் அறையும். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து அதன் மேல் குனிந்து உட்கார்ந்துகொள்வானாம். நனைந்த சட்டையோடுதான் அன்றைய நாளே தொடங்கும்.

பிற்பகல் மழை வேறு ஜாதி. அது எங்கிருந்தும் பயணப்பட்டு வருவதில்லை, தலைக்கு மேலேயே முளைப்பது. நடுப்பகலுக்குள் தரை சூடேறிவிடும். கடல்காற்று உள்ளே நுழைந்து, சூடான காற்றை மேலே தள்ளும். ஒரு மணி நேரம் முன்பு வரை வெள்ளையாக இருந்த மேகம் கறுத்து, இடித்து, கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும். ஒரு மேகத்தின் ஆயுள் அநேகமாக அவ்வளவுதான், அகலமும் சில கிலோமீட்டர்தான். எந்த வட்டாரத்தின் மேல் முளைக்கிறது, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பொறுத்து ஒருவர் வீட்டில் வெள்ளம், அடுத்த பேட்டையில் வெயில். இரண்டுக்கும் நடுவே நிற்கிறவருக்கு மழையும் வெயிலும் ஒன்றாகக் கிடைக்கும். காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று என் மகளிடம் சொல்லிவைத்தேன். இந்த ஊரில் வாரத்துக்கு எத்தனை கல்யாணம் என்று அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் துவாஸ் தம்பியிடமிருந்து செய்தி வரும்: “அண்ணே, கேட் ஒன். உக்காந்துட்டோம்.” கேட் என்பது ‘கேட்டகரி’யின் சுருக்கம், மின்னல் எச்சரிக்கையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அது வந்தால் திறந்தவெளி வேலை நிற்கும், ஆட்கள் கூரைக்குள் ஒதுங்க வேண்டும். நீச்சல் குளத்திலும் எல்லாரையும் மேலே ஏறச் சொல்லிவிடுவார்கள். உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் இந்தத் தீவும் ஒன்று, சும்மா பயமுறுத்துவதில்லை. அந்தச் செய்தியைப் படிக்கும்போது என் மேஜைப் பக்க ஜன்னலில் வெயில் தாங்காமல் திரையை இறக்கியிருப்பேன். எச்சரிக்கையும் தீவு முழுமைக்கும் ஒன்றாக வருவதில்லை, பகுதி பகுதியாகத்தான் வரும். எச்சரிக்கை நீங்கினால் மழை முழுதாக விடாவிட்டாலும் வேலை தொடங்கிவிடுமாம்.

வருஷத்துக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை, 171 மழை நாட்கள் என்று சிங்கப்பூருக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். 1991 முதல் 2020 வரையிலான சராசரி அது. அளந்த இடம் சாங்கி நிலையம். அதாவது தீவின் கிழக்குக் கோடி. வடக்கிலும் மேற்கிலும் மழை அதிகம், கிழக்கே போகப் போகக் குறைவு என்று வானிலைத் துறையே சொல்கிறது. நெடுங்காலப் பதிவு ஓரிடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது புரிகிறது. ஆனாலும் மேற்கே துணி காயப்போடுகிறவர்களுக்கு அந்த 2,113 கொஞ்சம் குறைவாகத்தான் தோன்றும்.

மேற்குக்கு ஆலங்கட்டி யோகமும் உண்டு. 2013 ஜூன் 25 அன்று இங்கே மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி மழை பெய்தது. அதற்குச் சில நாள் முன்புதான் புகைமூட்டத்தில் ஊரே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நான் வருவதற்கு முந்தைய கதை. அங்கிள் இன்னும் அதைச் சொல்லி மாளவில்லை. பனி பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த மகளை ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் ஸ்னோ சிட்டிக்கு அழைத்துப்போனோம். செயற்கைப் பனிதான், அதுவும் மேற்கில்தான் என்று கிழக்கு நண்பரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வானொலியில் சொல்லும் பொதுவான முன்னறிவிப்பு எனக்கு உதவுவதில்லை. “பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை” என்பது பொய்யாகவே போகாது, யாருக்கும் பயன்படவும் செய்யாது. பயன்படுவது இரண்டு. ஒன்று, வட்டாரம் வட்டாரமாக அடுத்த இரண்டு மணி நேரத்துக்குச் சொல்லும் முன்னறிவிப்பு. இன்னொன்று ரேடார் படம். அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் 50 கிலோமீட்டர் படத்தைப் பார்த்தால் சிவப்புத் திட்டு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். காலையில் அது போதாது, 240 கிலோமீட்டர் படத்தை எடுக்க வேண்டும். நீரிணையின் மேல் வில்லாக ஒரு மஞ்சள் சிவப்பு வரிசை தெரிந்தால் துணி காயப்போடும் மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதே என்று அர்த்தம். மனைவி கண் விழித்ததும் பார்ப்பது இதைத்தான். வாட்ஸ்ஆப்கூட அப்புறம்தான்.

இந்த வித்தை எதுவும் செல்லாத காலம் ஒன்று இருக்கிறது, டிசம்பரும் ஜனவரியும். சைபீரியப் பக்கமிருந்து சீனாவுக்குக் கடுங்குளிரைக் கொண்டுவரும் காற்று, தென்சீனக் கடலைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொண்டு இங்கே வருகிறது. வடக்கே பனியாக விழுவது நமக்கு அடைமழை. இரண்டு மூன்று நாள் விடாது. மேற்கு, கிழக்கு என்ற பாரபட்சமும் அநேகமாகக் கிடையாது. 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது இந்தப் பருவத்தில்தான். 2025 பொங்கலுக்கு முந்தைய வாரம், ஜனவரி 10, 11 இரண்டே நாளில், சாங்கியில் ஜனவரி மாதம் முழுமைக்குமான சராசரியைவிட அதிகம் பெய்தது. வெப்பம் 22 டிகிரிப் பக்கம் இறங்கியதும் ரயிலில் ஸ்வெட்டர்கள் முளைத்துவிட்டன. குற்றாலச் சாரலில் சட்டையில்லாமல் குளித்தவன் நான், எனக்கே முழுக்கைச் சட்டை தேவைப்பட்டது.

அந்த நாட்களில் ரேடாரைப் பார்ப்பது வீண். கூடத்தில் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிவிடுவோம். துணி காய இரண்டு நாளாகும். பள்ளிச் சீருடைக்கு மட்டும் இஸ்திரிப்பெட்டி.