தெரேசே கீஸே

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகம் என்றாலே நடிகை ஹெலனே வைகல்தான் நினைவுக்கு வருவார். ஆனால் 1941இல் சூரிச்சில் அந்த நாயகி வேடத்தில் மேடையேறி, அவளுடைய வண்டியை முதலில் இழுத்தவர் நடிகை தெரேசே கீஸே.

மியூனிக்கில் பிறந்த யூதப் பெண். 1933 ஜனவரி முதல் தேதி, எழுத்தாளர் தாமஸ் மானின் பிள்ளைகளான எரிகா மான், கிளாவுஸ் மானோடு சேர்ந்து நாஜிகளைக் கிண்டலடிக்கும் நையாண்டி மேடை ஒன்றைத் தொடங்கினார். மாதக் கடைசியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தாயிற்று! மார்ச்சில் சுவிட்சர்லாந்துக்கு ஓட்டம்.

அப்புறம் 1936இல் ஒரு கல்யாணம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்காக. மாப்பிள்ளை ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹாம்ப்சன். அவருக்கோ ஆண்கள்மேல்தான் நாட்டம். கீஸேயின் காதலியோ எரிகா மான். ஏற்பாடு ஆங்கிலக் கவிஞர் ஆடனுடையது. கதையாக எழுதினால் நம்பமாட்டோம்!

அவரைச் சினிமாவில் பார்க்க, பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் எடுத்த 'லகோம்ப், லூசியன்' (1974). பாட்டி வேடம். வசனம் சொற்பம். நாஜிகள் பிடித்திருந்த பிரான்சில் ஜெர்மானியருக்கு வேலை செய்யும் பையன், யூதக் குடும்பமான அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்காரும்போது அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே பாருங்கள்.