கட்டைக்கோரையும் மைட்டோகாண்ட்ரியாவும்: சோதனை எங்கே சறுக்குகிறது?

மண்டபம் கரையில் கட்டைக்கோரை என்று அள்ளுகிறார்களே, அதுதான் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. அதன் பழுப்பு நிறத்துக்குக் காரணம் ஃபியூகோசாந்தின் என்ற நிறமி. எச்எல்-60 ரத்தப் புற்றுநோய் செல்களில் இது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்தைக் குலைத்து செல்லைத் தானாகச் சாகவைக்கும் காஸ்பேஸ்-3 நொதியைத் தூண்டுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து, உயிருள்ள செல்லில் ஊதாவாகும் சாயத்தை வைத்துச் செய்யும் எம்டிடி சோதனை ஒன்றை மட்டும் செய்துவிட்டு "மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது" என்று எழுதுபவர்கள் ஏராளம். அது செல்லாது.

முதலில் சாறு. வெயிலில் காயப்போட்டால் நிறமி பாழ். நிழலில், 40 டிகிரிக்குக் கீழே உலர்த்திப் பொடித்து, பத்து மடங்கு எத்தனாலில் இருட்டில் ஓரிரவு ஊறவிட்டு வடிகட்டுங்கள். வற்றவைப்பதும் குறைந்த அழுத்தத்தில், அதே 40 டிகிரிக்குள். கிடைக்கும் பசையில் பச்சையமும் கொழுப்பும் கலந்திருக்கும். அதை அப்படியே ஊற்றினால் செல்லைக் கொன்றது எது என்று யாராலும் சொல்லமுடியாது. சிலிக்கா நிரப்பிய குழாயில் ஊற்றிப் பிரித்து, எச்பிஎல்சி என்ற பிரித்தறியும் கருவியில் 450 நானோமீட்டரில் ஒற்றை முகடு வந்த பிறகே மேலே போகலாம். நிறமியைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கடைசி அளவில் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. செல் வளர்க்கும் ஊடகத்தில் கலந்ததும் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: ஆரஞ்சுத் துகள் மிதந்தால் நிறமி கரையவில்லை, நீங்கள் எழுதிவைத்த செறிவு பொய்.

எம்டிடி ஊதாவாவது மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் நடப்பதல்ல. பழுப்புப் பாசியின் ஃப்ளோரோடானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் செல்லே இல்லாத தட்டுக் குழியிலும் அதை ஊதாவாக்கிவிடும். எனவே சாறும் எம்டிடியும் மட்டும் இட்ட குழிகள் கட்டாயம் வேண்டும்.

அடுத்த கோளாறு குளுக்கோஸ். வழக்கமான டிஎம்இஎம் ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா முடங்கினாலும் புற்றுசெல் குளுக்கோஸைப் புளிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும். காலக்டோஸ் என்ற சர்க்கரையில் இந்தக் குறுக்குவழி எடுபடாது. அதே செல்லைக் குளுக்கோஸ் இல்லாத, 10 மில்லிமோலார் காலக்டோஸ் ஊடகத்துக்குப் பழக்கி இரண்டிலும் ஒப்பிடுங்கள். காலக்டோஸில் மட்டும் சாவு கூடினால் குறி மைட்டோகாண்ட்ரியா என்று சந்தேகிக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் ரோட்டினோனை ஒப்பீட்டுக்கு வைத்தால் ஊடகம் சரியா என்பதும் தெரிந்துவிடும்.

மின்னழுத்தம் இருந்தால் சிவப்பாகவும் இழந்தால் பச்சையாகவும் ஒளிரும் ஜேசி-1 சாயத்தில் பலரும் 24 மணி நேரம் கழித்துத்தான் பார்க்கிறார்கள். அதற்குள் எந்த வழியில் சாகும் செல்லும் மின்னழுத்தத்தை இழந்திருக்கும். 2, 4, 6 மணிகளில் பாருங்கள். காஸ்பேஸ் தடுப்பானை முன்கூட்டிக் கொடுத்த பிறகும் சிவப்பு குறைந்து பச்சை ஏறினால், சேதம் காஸ்பேஸுக்கு முன்பே தொடங்கியது என்று வாதிட இடமுண்டு. மின்னழுத்தத்தைக் குலைக்கும் சிசிசிபி இட்ட குழாய் ஒன்று, சாயமிடாமல் சாறு மட்டும் கொடுத்த குழாய் ஒன்று, இரண்டும் வேண்டும். பச்சையம் சிவப்பாக ஒளிரும், ஃபியூகோசாந்தின் 488 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். இரண்டுமே கணக்கைக் குழப்பும்.

இவ்வளவும் தேறினாலும் அளவு இடிக்கிறது. தட்டில் நாம் போடுவது பத்து, இருபது மைக்ரோமோலார். வாய்வழி உட்கொண்டால் குடலில் அது ஃபியூகோசாந்தினால் (fucoxanthinol) என்ற வேறு பொருளாக மாறி, மனித ரத்தத்தில் நானோமோலார் அளவில்தான் தென்படுகிறது. அதனால் ஃபியூகோசாந்தினாலையும் சேர்த்தே சோதியுங்கள். பாசி மாத்திரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இதை நம்பி வாங்காதீர்கள். அதிலும் பழுப்புப் பாசியில் உள்ள ஃபியூகாய்டன் என்ற சர்க்கரைப்பொருள் ஹெப்பாரின்போல ரத்த உறைதலைத் தடுக்கக்கூடியது. ரத்த உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.