சாங்கியில் ஏறினால் ஜேஎஃப்கே

அக்கா மகள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறி, நடுவில் எங்கும் இறங்காமல் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போனில் விமானத்தைத் தேடினால், சின்ன மஞ்சள் பொம்மை ஜப்பானைத் தாண்டி பசிபிக்கின் மேல் நகர்கிறது. "வடதுருவம் பக்கமாகத்தானே குறுக்கு வழி, ஏன் இப்படிச் சுத்துறான்?" என்று அக்காவுக்குக் கவலை.

அவர் சொல்வதும் சரிதான். சிங்கப்பூரிலிருந்து நேர் தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர், அந்தக் கோடு துருவத்தை ஒட்டியே போகும். ஆனால் பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றினாலும் சீக்கிரம் போய்விடலாம். எப்படியும் 18 மணி நேரம் வந்துவிடும். எந்த வழி என்பதைப் புறப்படும் நாளின் காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இதற்கென்றே கூடுதல் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350. எடையைக் குறைக்க மொத்தமே 161 இருக்கை, சாதாரண எகானமி கிடையவே கிடையாது. டிக்கெட் விலையை மட்டும் அக்காவிடம் யாரும் சொல்லவில்லை!

ஒரு வசதி உண்டு. அமெரிக்கக் கோடையில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. முள் கடிகாரம் கட்டியிருந்தால் திருகவே வேண்டாம்.