கோடிக்கல்லின் மேல் ஓர் அடி

ஏரி நிரம்பி வழிவதை எங்கள் பக்கத்தில் 'கோடி போகிறது' என்பார்கள். கல்லூரியில் அதை உபரிநீர்ப் போக்கி என்று படித்துவிட்டு, கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரிகளைப் பார்க்கும் வேலைக்கு வந்தேன். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. 2004 வரை எல்லாமே தருமபுரிதான். முதல் மழைக்காலத்திலேயே ஓர் ஊரில் கோடிப் பூசைக்கு அழைத்தார்கள். ஆடு வெட்டி, வழியும் தண்ணீரில் மஞ்சளும் பூவும் தூவினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால், அதே ஊர்க்காரர்கள் தண்ணீர் வழியும் விளிம்பான கோடிக்கல்லின் மேல் வரிசையாக மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். வழிந்ததற்கு நேற்று பூசை, வழியாமல் இருக்க இன்று மூட்டை.

என்னோடு இருந்த லஸ்கர், அதாவது மதகையும் கரையையும் கவனிக்கும் ஊழியர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். வீட்டில் தெலுங்கு, ஏரிக்கரையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். "ஓர் அடி உயர்ந்தால் இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்சலாம் என்று பார்க்கிறார்கள் சார்" என்றார்.

அவர்கள் கணக்கில் தவறில்லை. பால் பிடிக்கும் நேரத்தில் கடைசித் தண்ணீர் கிடைக்காத நெல் பதராகத்தான் போகும். ஆனால் கோடிக்கல்லுக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே இருக்கும் உயரம் யாரோ மறந்து விட்டுவைத்த இடம் அல்ல. அலை அடிக்கவும், திடீரென வரும் வெள்ளம் ஏறி இறங்கவும் வேண்டுமென்றே காலியாக விட்டது. மண்கரையின் மேல் தண்ணீர் ஒருமுறை வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே உள்ளே வரும், கரை தாங்காது. அந்தக் காலி இடத்தில் ஓர் அடியை மூட்டைகள் எடுத்துக்கொண்டன.

ஏரியின் உள்வாயிலும், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பக்கத்திலும், காலி இடம் இருந்தது. அதில் ராகி விதைத்திருந்தார்கள். தண்ணீர் ஓர் அடி ஏறினால் ராகி மூழ்கும். ஆகவே ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்கள் பகலில் வைத்த மூட்டையை உள்வாய்க்காரர்கள் இரவில் உருவுவார்கள். கோடிக்குக் கீழே ஓடை ஓரமாகத் தக்காளி போட்டவர் இரண்டு தரப்பையும் திட்டுவார். நான் மூவரிடமும் "பார்க்கலாம்" என்றேன். அரசு வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் அது. மூன்று வாரம் அதைச் சொல்லியே ஓட்டினேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை இல்லை.

ஐப்பசியில் ஓர் இரவு மழை பிடித்துக்கொண்டது. லஸ்கர் நனைந்தபடி வந்து கதவைத் தட்டினார். கரையின் வெளிப்பக்கம், ஒரு பனைமரத்தடியில் கசிவு. கசிவு தெளிந்து வந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். கலங்கி வந்தால் கரையின் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறது என்று பொருள். டார்ச் வெளிச்சத்தில் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். கலங்கல்.

என்னிடம் உத்தரவு கேட்கவில்லை. நேராகக் கோடிக்குப் போய் மூட்டைகளை உருவ ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். அவசரத்தில் நான் இரண்டு மூன்றாகச் சேர்த்து இழுக்க, கையைப் பிடித்து நிறுத்தினார். "மெதுவாக சார், கீழே தக்காளி இருக்கிறது." ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். விடிந்தபோது பனைமரத்தடியில் ஊறிய நீர் தெளிந்திருந்தது.

கரை உடையவில்லை. என் சங்கடம் அங்கேதான் தொடங்கியது. அந்தப் பருவத்தில் பின்மழை ஏமாற்றியது. கடைமடை நெல் பாதி பதர். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "உடைந்ததா சார்? உடையவே இல்லையே. எங்கள் தண்ணீரை எதற்கு ஆற்றில் விட்டீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உடைந்திருந்தால்தான் பதில் இருந்திருக்கும்.

பின்னாளில் தென்பெண்ணை அணைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழும். நந்தி மலைப் பக்கம் பிறந்து கடலூரில் கடலைச் சேரும் ஆற்றை நாம் கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் நிறுத்திப் பார்க்கிறோம். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. அதை நம்பி 9,012 ஏக்கர். கார்த்திகையில் அணையை நிரப்பி வைப்பதா, வெள்ளத்துக்கு இடம் விட்டு வைப்பதா? நிரப்பினால் பாராட்டு, இடம் விட்டால், பிறகு மழை வராவிட்டால், வசவு. 2017 நவம்பரில் அணை ஏறக்குறைய நிரம்பி நின்றபோது எட்டு ஷட்டர்களில் ஒன்று உடைந்தது. அறுபது ஆண்டு தண்ணீரைத் தாங்கிய இரும்பு. அதைச் சரிசெய்ய, ஷட்டரின் அடிமட்டம் வரை சேர்த்த தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருந்தது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஆண்டு முழுவதும் இங்கே பெய்வதில் பாதிக்கும் மேல். ஏரியிலிருந்து இறங்கிய வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை, ஓய்வுபெற்றவனாக வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த மழைக்கு எந்தக் கோடிக்கல்லும் கணக்குப் போட்டிருக்காது. மூட்டை அடுக்கியவரையும் உருவியவரையும் அது ஒன்றாகவே நனைத்திருக்கும்.

போன மழைக்காலத்தில் அந்தப் பழைய ஏரிப் பக்கம் போனேன். லஸ்கர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. கோடிக்கல்லின் மேல் மூட்டைகள் இருந்தன. சணல் சாக்கு போய் உரச்சாக்கு வந்திருக்கிறது. குனிந்து ஒன்றைத் தொட்டேன். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "அதை எடுக்காதீர்கள் ஐயா, ஊரில் சத்தம் போடுவார்கள்" என்றார்.

எடுக்கவில்லை. கரையைச் சுற்றி நடந்து பனைமரத்தடியில் கைவைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.