பழைய ஏஎம்4 போர்டில் புதிய ரைசன்

என் மேசைக்கணினி 2018 கடைசியில் வாங்கியது. ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி பிராசஸர், ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள பி450 மதர்போர்டு. எழுத்து வேலைக்கு இன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலிலோ 2200ஜி இல்லை. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட மனம் வராததால், பிராசஸரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ரிச்சி தெருவில் விசாரித்தபோது கடைக்காரர், “ஏஎம்4தானே சார், தாராளமாக உட்காரும்” என்றார். உட்காரும், சரி. எழுந்து ஓடுமா என்பதுதான் கேள்வி. புதிய பிராசஸரை அடையாளம் கண்டு எழுப்புவது போர்டில் இருக்கும் பயாஸ் எனும் தொடக்க மென்பொருள். அது பழையதாக இருந்தால் விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும்.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் பிராசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்தேன். எல்லோரும் பிராசஸரின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அதே வரியில், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது வேலை செய்யும் என்றும் போட்டிருக்கும். போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘ரெவ்’ (திருத்தப் பதிப்பு) எண்ணையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். ஒரே பெயருள்ள போர்டுக்கு ரெவ் மாறினால் பயாஸும் மாறலாம்.

ரைசன் 5 5600, 5600ஜி இரண்டுமே பட்டியலில் இருந்தன. 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாத என் கணினியில் அதைப் போட்டால் திரைக்குப் படமே வராது. 5600ஜி வாங்கினேன். 4 கோர் இருந்த இடத்தில் 6 கோர், 12 த்ரெட். மின்தேவை அதே 65 வாட் வகை. பவர் சப்ளையைத் தொட வேண்டியிருக்கவில்லை.

பயாஸைப் புதுப்பிக்க வேண்டியது பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே. பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, கணினியை யுபிஎஸ்ஸில் மாட்டி, பயாஸ் பதிப்புக் குறிப்புகளைப் படித்த பிறகே தொடங்கினேன். சில போர்டுகளில் இடையில் ஒரு பதிப்பை ஏற்றாமல் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. சில புதிய பதிப்புகள் மிகப் பழைய பிராசஸர்களைக் கைவிட்டுவிடுகின்றன. பயாஸ் சிப்பில் அத்தனைக்கும் இடம் போதாது.

இன்னொன்று, வட்டைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். அதை முன்கூட்டியே நிறுத்திவைத்து, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்தேன். பிராசஸர் மாறியதும் முதல் திரையிலேயே, பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதியான எஃப்டிபிஎம்மை அழித்துப் புதிதாக அமைக்கவா என்று கேட்டு, ‘ஒய்’ (ஆம்) அல்லது ‘என்’ (இல்லை) அழுத்தச் சொன்னது. சாவி கையில் இல்லாதவர் அங்கே ஒய் அழுத்தினால் வட்டைத் திறக்க முடியாமல் திண்டாடுவார்.

பிராசஸரின் மேல் இருக்கும் கூலரைக் கழற்றுவதில்தான் எனக்குப் பயம். ஏஎம்4இல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டால், கூலரை நேராக இழுக்கும்போது பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்சார இணைப்பைப் பிடுங்கியபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். ஈரப் பசை விடுவது போன்ற சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது. மற்றதெல்லாம் சுலபம்: மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்தால் பிராசஸர் தானாக இறங்கும், அழுத்தவே கூடாது.

இதைக் கேள்விப்பட்ட அக்கா மகன், தன் இன்டெல் எச்110 போர்டில் எட்டாம் தலைமுறை ஐ5-8400 பிராசஸரைப் போடலாமா என்று கேட்டான். சாக்கெட் இரண்டுக்கும் 1151தான். இருந்தும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கு போர்டில் 300 வரிசை சிப்செட் (கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும் என்று இன்டெல் வரையறுத்துவிட்டது; எச்110 பழைய 100 வரிசை. பழைய சந்தையில் ஐ7-6700 தேடச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பயாஸைத் தொட வேண்டியதில்லை. விண்டோஸ் 11 பட்டியலில் அதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்கிறான்.