டெலெக்ஸ் மொழியைக் கற்ற ஆறு வாரங்கள்

தட்டச்சு செய்த செய்தியைக் கம்பி வழியே அனுப்பி, எதிர்முனையில் தாளில் அச்சிட்ட பழைய டெலெக்ஸ் இயந்திரம் ஒன்றை வாங்கி வைக்க என்னிடம் இடமில்லை. அது பேசிய மொழியையாவது முழுமையாகக் கற்க வேண்டும் என்று ஆறு வாரங்களுக்கு முன் தொடங்கினேன். ஜெர்மனியின் வானிலைத் துறை, கடலில் இருப்போருக்கான செய்திகளைச் சிற்றலையில் 7646 கிலோஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைவரிசைகளில், டெலெக்ஸுக்குரிய அதே 50 பாட் (விநாடிக்கு 50 துடிப்பு) வேகத்திலும் அதே ஐந்து பிட் குறிமுறையிலும் ஒலிபரப்புகிறது. அந்த ஒலிபரப்பில் மாறி மாறிக் கேட்கும் இரு சுருதிகளை எழுத்தாக்கும் நிரலை நானே எழுதுவது முதல் வேலையாயிற்று.

ஒரு துடிப்பின் நீளம் 20 மில்லிவிநாடி. தொடக்கத் துடிப்பு ஒன்று, தரவுத் துடிப்புகள் ஐந்து, ஒன்றரைத் துடிப்பு நீள நிறுத்தம் என ஓர் எழுத்துக்கு 150 மில்லிவிநாடி, அதாவது நிமிடத்துக்கு 400 எழுத்துகள் ஆகின்றன. ஒவ்வொரு துடிப்பின் நடுப்புள்ளியிலும் அளந்தபோது, சோதனைக்காக அனுப்பப்படும் 'ஆர் ஒய் ஆர் ஒய்' வரிசை திரையில் தெளிவாக வந்தது. ஆர் என்பது 01010, ஒய் என்பது 10101. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகையில் ஐந்து பிட்டுகளும் தலைகீழாக மாறுவதால், இணைப்பின் தரத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இணை கிடையாது.

மூன்றாம் வாரம் முழுவதும் ஒரே பிழையில் கழிந்தது. ஐந்து பிட்டில் 32 குறிகளே உண்டு என்பதால், எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே குறி பயன்படுகிறது. இனி வருவது எது என்பதை முன்னே வரும் மாற்றுக் குறிதான் சொல்லும். இரைச்சலால் தவறான மாற்றுக் குறி வந்தாலும் ஒரு சொல்லோடு சேதம் நிற்கட்டும் என்று, இடைவெளி வந்ததும் எழுத்து நிலைக்குத் திரும்புமாறு நான் எழுதியிருந்தேன். உரைநடைக்கு அது உதவியது. ஆனால் வானிலை அறிக்கையின் ஐந்திலக்கத் தொகுதிகளில் முதலாவது மட்டும் எண்ணாக வந்து, மற்றவை பொருளற்ற எழுத்துகளாயின. 'ஆர், பி, கியூ, இ, டபிள்யூ' என்று வந்ததை நெடுநேரம் பார்த்த பிறகே, இவையெல்லாம் எண்களோடு குறியைப் பகிரும், தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை எழுத்துகள் என்பது புலப்பட்டது. எண்ணாகப் படித்தால் அது 40132; முதலில் வரும் 4 காற்றழுத்தத் தொகுதி என்பதைக் காட்டும், மீதி 0132 என்பது 1013.2 ஹெக்டோபாஸ்கல். அந்த ஒரு வரியை நிரலிலிருந்து நீக்கியதும் எண்கள் அனைத்தும் சீராயின.

அடுத்த கட்டத்தில்தான் என் ஆர்வம் ஆழமாயிற்று. 'நீ யார்' என்னும் குறி வந்ததும், எதிர்முனை இயந்திரம் தன் 20 எழுத்து அடையாளத்தைத் தானாகவே திருப்பி அனுப்பும். அந்த அடையாளம் ஓர் உருளையின் பற்களை உடைத்துப் பதிக்கப்பட்டது; விசைப்பலகையிலிருந்து அதை மாற்ற முடியாது. செய்தியின் முதலிலும் முடிவிலும் இதைப் பெற்றுக்கொள்வதே வழக்கம் என்பதால், உரிய இடத்துக்கே செய்தி போனதற்கும் இடையில் இணைப்பு அறாததற்கும் இரு முனைகளிலும் ஒரே தாள் சான்றாக இருந்தது. வங்கிகளும் கப்பல் நிறுவனங்களும் டெலெக்ஸை நம்பி ஒப்பந்தம் செய்ததற்கு, வேகத்தைவிட இந்தச் சான்றே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. 1963-இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடி இணைப்பு அமைத்தபோதும், பேச்சில் நேரும் தவறான புரிதலைத் தவிர்க்கத் தொலைபேசியை விடுத்து, டெலெக்ஸில் பயன்பட்டது போன்ற தட்டச்சு இயந்திரமான டெலிபிரிண்டரையே வைத்தார்கள்.

இந்த அடையாள ஏற்பாட்டை நானும் செய்து பார்த்தேன். என் முதல் வடிவில் அடையாளம் நிரலுக்குள் ஒரு மாறியாக இருந்தது. யாரும் மாற்றக்கூடிய அது அடையாளமே ஆகாது என்று தோன்றவே, 20 எழுத்துக்கு 100 இடங்கள் கொண்ட டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) அணியை ஒரு பலகையில் பற்றவைத்தேன். உருளையின் பல் உடைக்கப்படுவதுபோல, இங்கே டையோடு இல்லாத இடம் ஒரு பிட்டைக் குறிக்கிறது. இரண்டு நுண்கட்டுப்படுத்திகளை (சிறு கணினிச் சில்லுகளை) கம்பியால் இணைத்து, 'நீ யார்' என்று கேட்டதும், சரியாக 3 விநாடியில் முழு அடையாளமும் வந்து சேர்ந்தது. நேற்று, செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே எதிர்முனையின் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தேன். அனுப்பும் பக்கம் கடைசி எழுத்து வரை அனுப்பி முடித்து, 'நீ யார்' என்று கேட்டு, பதில் வராமல் நின்றது. அந்தச் செய்தியை 'சேரவில்லை' என்று குறித்து மறுபடி அனுப்பும் பகுதியை இந்த வாரம் எழுதுகிறேன்.