பூஜை மணியைக் காணோம்

வியாழன் இரவிலிருந்து எங்கள் வீட்டுப் பூஜை மணி சாமி அலமாரியில் இல்லை. சின்னவள் கையில் இருக்கிறது. நான் எதைத் தப்பாகச் சொன்னாலும் ‘டிங்’. ஏற்கனவே ஒரு தங்கமணி (என் மனைவிதான்) இதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துவரும் வீடு இது. இரண்டாவது மணிக்கு என்ன அவசரமோ.

எல்லாம் ஸ்பெல்லிங் பீ செய்த வேலை. அமெரிக்காவில் பள்ளிக் குழந்தைகள் மேடையேறி ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டும் போட்டி; தப்பாகச் சொன்னால் மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மே மாதக் கடைசியானால் நியூ ஜெர்சியின் எடிசனில் எனக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் இதே பேச்சுதான். 1985-ல் பாலு நடராஜன் ஜெயித்தபோது பிடித்த பைத்தியம். 2019-ல் எட்டுப் பேர் சேர்ந்து ஜெயித்தார்கள், அதில் ஏழு பேர் நம்மவர்கள். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

இத்தனைக்கும் அதில் வரும் சொற்களில் பத்துக்கு ஒன்பது எனக்குத் தெரியாது. போட்டியில் சொற்களை வாசிக்கும் ஜாக் பெய்லி (அவரே 1980-ல் ஜெயித்தவர்) ஒரு சொல்லை உச்சரித்தால் எனக்குத் தும்மல் போலத்தான் கேட்கும். ஆனால் அந்தப் பொடிசு அசராமல் ‘இது எந்த மொழியிலிருந்து வந்தது?’ என்று கேட்கும். கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் ஒற்றை விரலால் எழுதிப் பார்க்கும். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். அப்போது கேமரா மெல்ல அம்மாக்காரி பக்கம் போகும். கண்கள் மூடியிருக்கும், உதடு மட்டும் முணுமுணுக்கும். பிளஸ் டூ ரிசல்ட் அன்று என் அம்மாவிடம் பார்த்த அதே முகம். நான் பார்ப்பதே அந்த முகத்துக்காகத்தான்.

அதனால்தான் 2021-ல் கொண்டுவந்த அந்த 90 விநாடிச் சமாச்சாரம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிவரை முடிவு தெரியாவிட்டால், 90 விநாடிக்குள் அதிகச் சொற்களைச் சரியாக எழுத்துக்கூட்டுகிற குழந்தைக்கு வெற்றி. 2022-ல் 21 சொல், 2024-ல் 29 சொல் என்று குழந்தைகள் மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளின. திறமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு ஓடுகிற மாதிரி இருக்கிறது. கேமராவுக்கு அம்மா பக்கம் திரும்ப நேரமே இல்லை.

இந்த வருடம் கும்பகோணத்திலிருந்து அம்மாவும் வந்திருக்கிறாள். அவளுக்கு எல்லாக் குழந்தையும் ஜெயிக்க வேண்டும். மணி அடிக்கும்போதெல்லாம் “ஐயோ கொழந்தே!”

“போட்டிம்மா, யாராவது தோத்துத்தானே ஆகணும்?”

“நாங்க படிச்சப்போ மணி அடிச்சா சந்தோஷமா வீட்டுக்கு ஓடுவோம்டா. இங்கே மணி அடிச்சு அழ விடறாங்களே!”

அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் வாயைத் திறந்தேன். 2021-ல் வென்ற சொல் ‘முரையா’, நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் முதல் பாதி, பார் நம் ரசத்தில் கிடப்பதற்குக் கோப்பை கொடுக்கிறார்கள் என்று அளந்தேன். அம்மா அசந்துபோனாள். சின்னவள் அசரவில்லை.

“அப்பா, கறிவேப்பிலை. எழுத்துக்கூட்டுங்க.”

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வாராவாரம் வண்டி ஓட்டியதற்குக் கிடைத்த பலன். பதினைந்து வருடமாகத் தமிழில் பதிவு எழுதுகிறவனிடமா? இருந்தாலும் முறைப்படி, “எந்த மொழியிலிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

“தமிழ்தான்ப்பா. சொல்லுங்க.”

“க... ரு...”

டிங்.

“இல்லை இல்லை, ரி!”

டிங். வாயை விட்டு வந்த எழுத்தை மாற்றக் கூடாதாம். மாற்றியதும் தப்பாம், வல்லின றியாம். தங்கமணி எழுந்து போய், ஃப்ரிட்ஜ் கதவில் நான் ஒட்டியிருந்த மளிகை லிஸ்ட்டைக் கழற்றிக்கொண்டுவந்தாள். நாலாவது வரி. டிங் டிங் டிங்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. சேரை என் பக்கம் இழுத்துப் போட்டு, தட்டை டப்பாவை என் மடியில் வைத்தாள்.

“எனக்கும் கருவேப்பிலைதான்டா வரும். நீ சாப்பிடு.”